நார்த் சென்ட்ரல் ஒரே புள்ளியில் தோற்ற ஃபைனலும் அடுத்த சீசனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவுக்கு மேற்கே இருக்கும் நேப்பர்வில்லிலும் பக்கத்து அரோராவிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆனால் ஊருக்குள்ளேயே இருக்கும் நார்த் சென்ட்ரல் கல்லூரி தேசிய அளவில் ஃபுட்பால் ஆடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 2023 ஃபைனலைப் பற்றி ஒரே மாதிரிச் சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, 2024 சீசன் முடிந்த கையோடு, 2025 தொடக்கத்தில் இதை எழுதுகிறேன்.

இது நம்ம ஊர் ஃபுட்பாலா, இல்ல அந்த ஹெல்மெட் போட்டு ஆடுறதா?

ஹெல்மெட் போட்டு ஆடுவதுதான். இந்தப் பக்கத்தைப் படிக்கப் புள்ளிக்கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள், அதாவது மைதானத்தின் கடைசிப் பகுதிக்குள், கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி, உதைக்காமல் 3 யார்டு தூரத்திலிருந்து மறுபடி உள்ளே கொண்டுபோனால் 2 புள்ளி. டச் டவுன் இல்லாமல் நேரடியாக உதைத்து எடுக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3. இந்த 1-ஆ 2-ஆ விஷயம்தான் கீழே பெரிய சண்டையாக வரும்.

நார்த் சென்ட்ரல்னு ஒரு காலேஜா? பேரே கேள்விப்பட்டதில்லையே.

1861-ல் ஆரம்பித்த தனியார் கல்லூரி. 1870 முதல் நேப்பர்வில்லில்தான் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை சில ஆயிரம்தான், பக்கத்திலிருக்கும் பெரிய ஹைஸ்கூல் ஒன்றின் அளவு என்று சொல்லலாம். டீமின் பெயர் கார்டினல்ஸ், நிறம் சிவப்பு. மைதானம் கல்லூரி வளாகத்தை ஒட்டிய பெனடெட்டி-வெர்லி ஸ்டேடியம். சனிக்கிழமை மதியம் டவுன்டவுனில் பார்க்கிங் கிடைக்காமல் சுற்றியவர்களுக்கு அது எங்கே என்று தெரிந்திருக்கும்.

பெயர் தெரியாததில் ஆச்சரியமில்லை. டிவியில் வருவது ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் மாதிரியான டிவிஷன் 1 டீம்கள். இவர்கள் ஆடுவது டிவிஷன் 3-ல்.

டிவிஷன் 3-னா மூணாந்தரமா?

இல்லை. அது தரவரிசை கிடையாது, நிர்வாக முறை. என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு, கல்லூரிகள் விளையாட்டுக்கு எவ்வளவு பணம் போடுகின்றன, உதவித்தொகை தருகின்றனவா என்பதை வைத்து மூன்று பிரிவு வைத்திருக்கிறது. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது. படிப்புக்காகவோ குடும்ப வருமானத்தைப் பார்த்தோ கொடுக்கலாம். ஃபுட்பால் ஆடும் டிவிஷன் 3 கல்லூரிகள் மட்டும் 240-ஐ ஒட்டி இருக்கும். அதில் ஒன்றாம் இடம் வருவது லேசான காரியமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவின் ஃபைனலுக்கு ஸ்டாக் பவுல் என்று பெயர். அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக், 1892 முதல் 1932 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் கோச்சாக இருந்தவர், இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களில் ஒருவர். ஒரு காலத்தில் நாட்டையே கலக்கிய அந்தப் பல்கலைக்கழகம் 1939-ல் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டு, 1969-ல் திரும்ப வந்து, இன்றைக்கு ஆடுவதும் இதே டிவிஷன் 3-ல்தான். மூன்றாந்தரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஸ்காலர்ஷிப்பும் இல்லாம, டிவியும் இல்லாம, எதுக்குப் பசங்க உடம்பைக் கெடுத்துக்கிட்டு ஆடுறாங்க?

ஆட்டம் பிடித்திருக்கிறது, ஹைஸ்கூலோடு விட மனசில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பதில் இவ்வளவுதான். காலையில் ஜிம், மதியம் வகுப்பு, சாயங்காலம் பயிற்சி, அதற்கப்புறம் படிப்பு. நவம்பர் கடைசியில் மற்ற பிள்ளைகள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது பிளேஆஃபில் இருப்பவர்கள் குளிரில் மைதானத்தில் நிற்பார்கள். டிசம்பரில் பரீட்சையும் அரையிறுதியும் ஒரே வாரத்தில் வந்து மோதும்.

ஒரு ஃபைனல் தோல்வி இவர்களை எவ்வளவு பாதிக்கும் என்பதை இதை வைத்துப் பார்க்க வேண்டும். கடைசி வருட மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் வாழ்க்கையின் கடைசி ஆட்டம்.

பிளேஆஃப் எப்படி நடக்கும்? ஒரு மேட்ச் தோத்தா அவ்வளவுதானா?

வழக்கமான சீசனில் 10 ஆட்டம். லீக்கில் முதலிடம் வந்தால் பிளேஆஃபில் நேரடி இடம், நார்த் சென்ட்ரலின் லீக்குக்கு சி.சி.ஐ.டபிள்யூ. என்று பெயர். மற்ற இடங்களுக்கு நல்ல ரெக்கார்டு உள்ள டீம்களை எடுப்பார்கள். 2023 வரை 32 டீம், அதாவது பட்டத்துக்கு ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும். 2024-ல் 40 டீமாக்கினார்கள். பிளேஆஃபில் தோற்றால் அன்றோடு சீசன் முடிந்தது.

ஆனால் வழக்கமான சீசனில் ஒரு தோல்வியைத் தாங்கலாம், அதற்கு இவர்களே சாட்சி. 2019-ல் பக்கத்து ஊர்ப் பரம எதிரியான வீட்டன் கல்லூரியிடம் தோற்று லீக் பட்டத்தை விட்டார்கள். பிறகு பிளேஆஃபில் மவுண்ட் யூனியனை அவர்கள் ஊரான ஒஹாயோ அலையன்ஸிலேயே 59-52 என்று தோற்கடித்து, ஃபைனலில் விஸ்கான்சின்-ஒயிட்வாட்டரை 41-14 என்று ஜெயித்து, முதல் தேசியப் பட்டத்தை வாங்கினார்கள்.

2023 ஃபைனல்ல என்னதான் நடந்துச்சு?

2023 டிசம்பர் 15, வர்ஜீனியாவின் சேலம் நகரம். எதிரணி நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லாண்ட், அவர்களுக்கு அதுதான் முதல் ஸ்டாக் பவுல். நார்த் சென்ட்ரல் நடப்பு சாம்பியன், முந்தைய வருடம் 15-க்கு 15, அந்த வருடம் அதுவரை 14-க்கு 14, ஆகத் தொடர்ந்து 29 வெற்றி. ஜெயிப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான்.

ஆட்டம் இரண்டு பக்கமும் மாறி மாறி டச் டவுன் என்று போனது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் 38-31 என்று பின்தங்கியிருந்த நார்த் சென்ட்ரல் டச் டவுன் அடித்து 38-37 ஆக்கியது. ஒரு புள்ளியை உதைத்துச் சமன் செய்யாமல், ஜெயிப்பதற்கே போவோம் என்று 2 புள்ளிக்குப் போனார்கள். கார்ட்லாண்ட் தடுத்துவிட்டது. மிச்ச நேரமும் ஓடிப்போய், அதே 38-37-ல் ஆட்டம் முடிந்தது.

உதைச்சு டை பண்ணிட்டு ஓவர்டைம் போயிருக்கலாமே? கோச்சுக்கு என்ன அவசரம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கோச் பிராட் ஸ்பென்சர் எடுத்தது சரியான முடிவு. அது பலிக்கவில்லை, அவ்வளவுதான். பலிக்காததாலேயே தப்பாகிவிடாது.

கணக்கைப் பாருங்கள். உதைக்கும் புள்ளி கையில் வைத்த புள்ளி இல்லை, கல்லூரி ஆட்டத்தில் தவறுவதும் உண்டு. பத்துக்கு ஒன்பது போகும் என்றே வைத்துக்கொள்வோம். ஓவர்டைமில் சம பலமுள்ள இரண்டு டீம் என்றால் பாதிக்குப் பாதி. ஆக ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 45. அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சமன் ஆனதும் உடனே ஓவர்டைம் வந்துவிடாது, கார்ட்லாண்ட் கையில் பந்தும் இருக்கும், ஒரு ஃபீல்ட் கோலுக்கு முயல நேரமும் இருக்கும். அன்றைக்கு அவர்கள் பந்தை நகர்த்திய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்காது. 2 புள்ளி எடுத்திருந்தாலும் அதே ஃபீல்ட் கோல் ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது ஓவர்டைம் என்ற இரண்டாவது கண்டம் இல்லை.

அப்புறம், யார் கையில் பந்து என்பதும் முக்கியம். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துகிறவர், லூக் லேனன். எறியவும் செய்வார், தானே தூக்கிக்கொண்டு ஓடவும் செய்வார். 3 யார்டு எடுக்க அப்படிப்பட்ட ஆளைவிட யார் வேண்டும்? கல்லூரி ஓவர்டைமில் இரண்டாவது சுற்றிலிருந்து டச் டவுனுக்குப் பிறகு 2 புள்ளிக்குத்தான் போக வேண்டும், மூன்றாவது சுற்றிலிருந்து வெறும் 2 புள்ளி முயற்சிதான் மாறி மாறி நடக்கும். களைத்துப்போன டிஃபென்ஸை வைத்துக்கொண்டு பிறகு எடுக்க வேண்டிய அதே முயற்சியை, சொந்த ஆட்டக்காரர்கள் சூடாக இருக்கும்போதே எடுத்தார்.

அப்போ தோத்ததுக்கு யார் காரணம்?

ஒரு ஆளைக் கைகாட்டச் சொன்னால் மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி 2 புள்ளி முயற்சியையே எல்லாரும் பேசுவதால் ஒன்று மறைந்துபோகிறது. 37 புள்ளி எடுத்த டீம் ஃபைனலில் தோற்கிறது என்றால் பிரச்சினை 38 கொடுத்த பக்கம்தான். கார்ட்லாண்ட் குவார்ட்டர்பேக் ஸாக் பாய்ஸ் எறிந்துகொண்டே இருந்தார், கோல் பர்ஜஸும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு முறை கூடுதலாகத் தடுத்திருந்தால் அந்த 2 புள்ளிக் கேள்வியே எழுந்திருக்காது.

கார்ட்லாண்ட் அதிர்ஷ்டத்துலதானே ஜெயிச்சாங்க?

இல்லவே இல்லை. அது நியூயார்க் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஒரு கிளை, நார்த் சென்ட்ரலைவிட மாணவர்கள் அதிகம், ஃபுட்பாலுக்கு ஆழமான பாரம்பரியம் இருக்கும் இடம். பக்கத்து இதாகா கல்லூரியோடு அவர்கள் ஆடும் வருடாந்தர ஆட்டம் 2019-ல் மெட்லைஃப் ஸ்டேடியத்தில் நடந்தபோது 45,161 பேர் வந்தார்கள். டிவிஷன் 3-ல் அப்படியொரு கூட்டம் அதற்கு முன் கூடியதில்லை. 29 ஆட்டம் தோற்காத டீமுக்கு எதிராக, முதல் ஃபைனலிலேயே, கடைசி நிமிடத்தில் 3 யார்டைக் காத்தவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

2021-லயும் ஃபைனல்ல தோத்தாங்களாமே. எது ரொம்ப மோசம்?

ஸ்கோரைப் பார்த்தால் 2021. டெக்சஸின் மேரி ஹார்டின்-பெய்லர் 57-24 என்று அடித்து நொறுக்கியது. அதற்கப்புறம் கோச் ஜெஃப் தோர்ன் டிவிஷன் 1-ல் வெஸ்டர்ன் மிச்சிகனுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு முன் கோச்சாக இருந்தவர் அவருடைய அப்பா ஜான் தோர்ன். 2002 முதல் அப்பா, பிறகு பிள்ளை என்று ஒரே குடும்பம் வளர்த்த டீம் அது. பெரிய தோல்வி, கூடவே கோச்சும் இல்லை. கதை முடிந்தது என்றுதான் வெளியே பேசினார்கள்.

நடந்தது வேறு. அதே கல்லூரியில் ஆடிப் படித்து, அங்கேயே துணை கோச்சாக இருந்த ஸ்பென்சரிடம் பொறுப்பு வந்தது. 2022-ல் ஒரு ஆட்டமும் தோற்காமல், ஃபைனலில் மவுண்ட் யூனியனை 28-21 என்று ஜெயித்தார்கள். மனசுக்குக் கஷ்டம் எது என்று கேட்டால் 2023 என்பேன். 33 புள்ளியில் தோற்றால் அவர்கள் பெரியவர்கள் என்று விட்டுவிடலாம். ஒரு புள்ளியில் தோற்றால் தூக்கம் வராது.

தோத்த மறுநாளே "அடுத்த வருஷம் நம்ம வருஷம்"னு சொன்னீங்களே, எதை வச்சு?

ஆசையை வைத்து இல்லை. டிவிஷன் 3-ல் அடுத்த சீசனைக் கணிக்க நான் பார்ப்பது: கோச் இருக்கிறாரா, குவார்ட்டர்பேக் திரும்ப வருகிறாரா, முன்வரிசைத் தடியர்கள் எத்தனை பேர் மிச்சம், அப்புறம் போகிறவர்களின் இடத்தில் நிற்க ஏற்கெனவே பழகிய ஆள் இருக்கிறாரா. பெரிய கல்லூரி மாதிரி ஜனவரியில் பணத்தைக் கொட்டி ஆள் பிடிக்க முடியாது, வசந்தகாலப் பயிற்சியும் அந்த அளவுக்குக் கிடையாது. அதனால் இரண்டு மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பையன்கள்தான் சொத்து.

2023 முடிவில் ஸ்பென்சர் அங்கேயே இருந்தார், லேனனுக்கு இன்னொரு சீசன் மிச்சம் இருந்தது. 2021-க்குப் பிறகு கோச் மாறியும் எழுந்த டீம், கோச் மாறாமல் எழாதா? பழைய உதாரணமும் இருக்கிறது. மவுண்ட் யூனியன் தொடர்ந்து 54 ஆட்டம் ஜெயித்துவிட்டு 1999 அரையிறுதியில் ரோவனிடம் ஓவர்டைமில் 24-17 என்று தோற்றது. அதற்கப்புறம் 2000, 2001, 2002 மூன்று வருடமும் பட்டம் அவர்களுக்கே. தொடர் வெற்றி அறுந்தால் அணி உடையும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

சரி, 2024-ல என்ன ஆச்சு?

15 ஆட்டம், 15 வெற்றி. அரையிறுதியில் சஸ்குவெஹானாவை 66-0 என்று சாய்த்தார்கள். அரையிறுதி ஸ்கோர்தான், தட்டச்சுப் பிழை இல்லை. 2025 ஜனவரி 5 அன்று ஹூஸ்டனில் நடந்த ஃபைனலில் மவுண்ட் யூனியனை 41-25 என்று ஜெயித்து மூன்றாவது பட்டம். 2020-ல் கோவிட்டால் போட்டியே நடக்கவில்லை. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 2019 முதல் நடந்த ஐந்து ஃபைனலிலும் இவர்கள் இருந்தார்கள், மூன்றில் ஜெயித்தார்கள். 2021 முதல் 2024 வரை நான்கு சீசனில் மொத்தமே இரண்டு தோல்வி, இரண்டும் ஃபைனலில்.

2023 தோல்விக்கு இது ஈடாகுமா என்று கேட்பார்கள். அன்றோடு ஆட்டத்தை முடித்துக்கொண்ட கடைசி வருடப் பையன்களுக்கு ஆகாது. மற்றவர்களுக்கு ஆகும்.

நல்லா ஆடுற பசங்களைப் பெரிய காலேஜ் இழுத்துக்கிட்டுப் போயிடாதா?

போகிறார்கள், முன்பைவிட அதிகமாகவே. கல்லூரி மாறுவது இப்போது சுலபம், டிவிஷன் 1-ல் பணமும் புழங்குகிறது. டிவிஷன் 3-க்கு இது நிஜமான ஆபத்து, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. பெரிய டீமில் பெஞ்சிலேயே இருந்து சலித்தவர்கள் இங்கே இறங்கி வருகிறார்கள். ஜெயிக்கும் டீமுக்கு அப்படி வருகிறவர்களும் அதிகம்.

டிவிஷன் 3-ல இருந்து என்.எஃப்.எல். போனவங்க யாராவது இருக்காங்களா?

என்.எஃப்.எல். என்பது சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை லீக். அதற்குப் போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். மவுண்ட் யூனியனின் பியர் கார்சோன் பல வருடம் ஆடினார். ஹோபார்ட் கல்லூரியின் அலி மார்பெட் 2015-ல், என்.எஃப்.எல். டீம்கள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், இரண்டாவது சுற்றிலேயே எடுக்கப்பட்டார். ஒயிட்வாட்டரின் க்வின் மைனெர்ஸ் 2021-ல் மூன்றாவது சுற்றில் டென்வருக்குப் போய் அங்கே முக்கிய ஆளாகிவிட்டார். ஆனால் 240 கல்லூரியில் இருந்து இப்படி விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். என்.எஃப்.எல். கனவுக்காக டிவிஷன் 3-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அண்ணா, என் பையன் நேப்பர்வில் ஹைஸ்கூல்ல ஆடுறான். நார்த் சென்ட்ரல்ல ஆடணும்கிறான். விடலாமா?

முதலில் படிப்பைப் பாருங்கள்: அவன் படிக்க நினைக்கும் பாடம் அங்கே இருக்கிறதா, கால் உடைந்து ஆட்டமே நின்றாலும் அந்தக் கல்லூரியில் இருக்க விரும்புவானா? இரண்டாவது செலவு. மேலே சொன்ன மாதிரி ஆட்டத்துக்காக ஒரு டாலரும் வராது, மெரிட் உதவியும் வருமான உதவியும்தான். கோச் எவ்வளவு பாசமாகப் பேசினாலும் உதவித்தொகை விவரத்தைக் கல்லூரி அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: சாம்பியன் டீமில் நூற்றுக்கு மேற்பட்ட பையன்கள் இருப்பார்கள், முதல் இரண்டு வருடம் களத்தில் இறங்காமலே போகலாம். தலையடி பற்றிய பயம் நியாயமானது, அதை டாக்டரோடு பேசுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். இத்தனைக்கும் பிறகும் போகிறேன் என்றால், விடுங்கள்.

லேனன் முடிச்சுட்டாரே. 2025-ல டீம் தேறுமா, இல்ல இதோட சரிவா?

கஷ்டமான கேள்வி. நான்கு வருடமும் டீமை ஃபைனலுக்குக் கொண்டுபோன குவார்ட்டர்பேக்கின் இடத்தை ஒரே கோடையில் நிரப்ப முடியாது. கோவிட் காலத்தில் எல்லா மாணவர்களுக்கும் தந்த கூடுதல் வருடச் சலுகையும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. அதனால் 23 வயது அனுபவசாலிகள் குறைவார்கள். ஆனால் இது எல்லா டீமுக்கும் பொது.

அதே நேரம், 2019-ல் பட்டம் வாங்கித் தந்த ப்ரோக் ரட்டர் போனபோதும் இதே பயம்தான் இருந்தது, அவர் அந்த வருடம் டிவிஷன் 3-ன் சிறந்த ஆட்டக்காரருக்கான கல்யார்டி விருது வாங்கியவர். அடுத்து வந்தவர்தான் லேனன். ஆகவே முன்பு சொன்ன அளவுகோலில் கோச்சுக்கு டிக், குவார்ட்டர்பேக்குக்குக் கேள்விக்குறி, மற்றது செப்டம்பரில் தெரியும். லீக் பட்டமும் பிளேஆஃப் இடமும் கிடைக்கும் என்று நம்புகிறேன். மறுபடி பட்டம் என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு மேட்ச்தான் பார்க்க முடியும்னா எதுக்குப் போகணும்?

வீட்டன் ஆட்டத்துக்கு. லிட்டில் பிராஸ் பெல் என்ற பித்தளை மணிக்காக இரண்டு கல்லூரியும் மோதும். 2019-ல் தோற்றது வீட்டனிடம்தான் என்று சொன்னேன் இல்லையா, அந்தப் புகைச்சல் இன்னும் இருக்கிறது. ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே, எங்கே நடந்தாலும் நேப்பர்வில்லிலிருந்து காரில் அரை மணிக்குள் போய்விடலாம். புதுக் குவார்ட்டர்பேக் நெருக்கடியில் எப்படி ஆடுகிறார் என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். முன்னாலேயே போய் உட்காருங்கள், கூட்டம் வரும்.